செலினியம் கேப்ஸ்யூல், 200 மைக்ரோகிராம்: ஒரு மதிப்புரை

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், இணைய அங்காடியில் வாங்கிய ஓர் இறக்குமதிக் குப்பி. உள்ளே 100 கேப்ஸ்யூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் தாதுச்சத்தான செலினியம் 200 மைக்ரோகிராம், எல்-செலினோமெத்தியோனின் என்ற வடிவத்தில் இருப்பதாக லேபிள் சொல்கிறது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே அளவில், இதே வடிவத்தில், ஏறக்குறைய இதே வாசகங்களோடு வேறு பல குப்பிகளும் விற்பனையில் இருக்கின்றன. நான் சொல்லப்போகும் குறை எல்லாவற்றுக்கும் பொதுவானது. தயாரிப்பு என்ற அளவில் இந்தப் பொருளிடம் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் மீன், முட்டை, கோதுமை, பருப்பு என்று கலந்து சாப்பிடும் ஒருவருக்கு இந்த அளவு பெரும்பாலும் தேவைப்படாது என்பதும், லேபிளின் முன்பக்க வாக்குறுதி உடலுக்குள் நடக்கும் காரியத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் குப்பியைப் பற்றி. பழுப்பு நிற பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, மூடிக்குக் கீழே கிழிக்கப்படாத அலுமினிய முத்திரை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக அச்சாகியிருந்தன. ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துத் தாளில் கொட்டிப் பார்த்தேன். வாசனை ஏதுமில்லாத வெண்பொடி. அந்தப் பொடியில் பெரும்பகுதி அரிசிமாவும் செல்லுலோஸும்தான் என்று பின்பக்கத்துச் சிறிய எழுத்துகள் ஒப்புக்கொள்கின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. செலினோமெத்தியோனினின் எடையில் சுமார் 40 சதவீதம்தான் செலினியம் என்பதால், 200 மைக்ரோகிராம் செலினியம் கிடைக்க அரை மில்லிகிராம் அளவுக்கு அந்தச் சேர்மம் போதும். கண்ணுக்குப் புலப்படாத அந்த அரை மில்லிகிராமைக் கையில் பிடித்து விழுங்கத்தக்க உருவத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் மற்ற மாவெல்லாம். அளவு இவ்வளவு சிறியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள வாசகத்தின் சாரம் இது: உடலில் உள்ள 25 செலினோபுரதங்களின் (செலினியத்தைத் தம் பகுதியாகக் கொண்ட புரதங்களின்) உற்பத்தியை இந்த கேப்ஸ்யூல் தூண்டுகிறது, அவற்றின் மரபணு வெளிப்பாட்டை, அதாவது மரபணுவில் உள்ள செய்தி புரதமாக மாறும் அளவை, உயர்த்துகிறது, அதன் வழியாக உயிரணுக்களைக் காக்கிறது. இதில் 25 என்ற எண் சரியானது. மனித மரபணுத் தொகுதியில் செலினோபுரதங்களுக்கான மரபணுக்கள் 25 என்பது 2003ஆம் ஆண்டில் கணினி வழித் தேடலின் மூலம் நிறுவப்பட்டது. செலினியம் குறைந்துபோன உடலில் இந்தப் புரதங்களின் உற்பத்தி வீழும் என்பதும், செலினியம் கொடுத்தால் அது மீண்டும் உயரும் என்பதும் உண்மைதான். ‘உயர்த்துகிறது’ என்ற சொல்லுக்கு ஒரு மேல் எல்லை உண்டு என்பதைத்தான் லேபிள் விழுங்கிவிட்டது.

அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, செலினியம் புரதத்துக்குள் நுழையும் வழியைப் பார்க்க வேண்டும். இந்தப் புரதங்களில் செலினியம் இருப்பது செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக. 21ஆவது அமினோ அமிலம் என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். மற்ற அமினோ அமிலங்களைப் போல இது ஆயத்தமாக வந்து சேர்வதில்லை. அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் மூலக்கூறுக்குக் கடத்து ஆர்.என்.ஏ. என்று பெயர். இதற்கென்றே உள்ள ஒரு கடத்து ஆர்.என்.ஏ.வின் மேல் முதலில் செரின் என்ற வேறோர் அமினோ அமிலம் ஏறுகிறது. அங்கே இருக்கும்போதே அது செலினியம் ஏற்றப்பட்டு செலினோசிஸ்டீனாக மாற்றப்படுகிறது. அடுத்த சிக்கல் இதைவிட விநோதமானது. மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் செலினோசிஸ்டீனுக்கு உரிய குறி யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து, மற்றப் புரதங்களில் அதே குறிக்குப் பொருள் ‘இத்தோடு நிறுத்து’ என்பது. நிறுத்தாமல் மேலே செல்லும்படி, புரதத்தைக் கோக்கும் பொறியான ரைபோசோமுக்கு அறிவிப்பதற்காக, தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் செசிஸ் எனப்படும் கொண்டை ஊசி போன்ற ஒரு மடிப்பு இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் எஸ்.பி.பி.2 என்ற புரதம், செலினோசிஸ்டீனைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வை உரிய இடத்துக்கு வரவழைக்கிறது. இத்தனை ஏற்பாடும் ஒரேயோர் அணுவைப் புரதத்தின் வினை நடக்கும் மையத்தில் உட்கார வைப்பதற்காக.

செலினியம் பற்றாக்குறையாகும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. யு.ஜி.ஏ. குறியில் ரைபோசோம் செலினோசிஸ்டீனுக்காகக் காத்திருந்து கிடைக்காமல் நிறுத்திவிடுவதால் புரதம் அரைகுறையாக முடிகிறது; அது ஒன்று. இப்படி நடுவழியில் நிற்கும் தூது ஆர்.என்.ஏ.வைப் பழுதானது என்று உயிரணு முத்திரை குத்தி, அழித்தும் விடுகிறது, அது இரண்டாவது. உயிரணுவுக்கு உள்ள இந்தத் தரக்கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் எல்லாத் தூது ஆர்.என்.ஏ.க்களும் ஒரே மாதிரி சிக்குவதில்லை. ஆக்சிஜனால் நேரும் சேதத்தைத் தடுக்கும் நொதிகளான குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜி.பி.எக்ஸ்.1 எளிதில் சிக்கிவிடுகிறது. செலினியம் அறவே குறைந்த தீனி கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரலில் அந்த நொதியின் செயல் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. அதன் தூது ஆர்.என்.ஏ.வும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்கிறது. அதே எலிகளின் அதே கல்லீரலில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜி.பி.எக்ஸ்.4இன் தூது ஆர்.என்.ஏ. அவ்வளவாக அசையாது, நொதியின் அளவும் ஓரளவுதான் குறைகிறது. உடலுக்கு இதில் ஒரு கணக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. ஜி.பி.எக்ஸ்.1 இல்லாமல் எலி பிறந்து வளர்ந்துவிடும், ஜி.பி.எக்ஸ்.4 இல்லாவிட்டால் கருவிலேயே மாண்டுவிடும். சவ்வுகளில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனால் கெட்டுப்போய், இரும்பைச் சார்ந்து உயிரணு மடியும் ஒருவகை மரணத்தை அது தடுத்து நிற்கிறது.

உறுப்புகளுக்கு இடையிலும் இதே வரிசை உண்டு. பஞ்ச காலத்தில் கல்லீரலும் தசையும் தங்களிடம் உள்ளதை இழக்கின்றன. மூளையும் விரைகளும் தைராய்டும் தக்கவைத்துக்கொள்கின்றன. கல்லீரல் உருவாக்கி இரத்தத்தில் அனுப்பும் செலினோபுரதம் பி இந்தப் பங்கீட்டில் முக்கியப் பணியாளர். மற்ற செலினோபுரதங்களில் பெரும்பாலும் ஒரு செலினோசிஸ்டீன்தான் இருக்கும். மனிதரின் செலினோபுரதம் பி தன் உடலில் பத்தைச் சுமந்து செல்கிறது. அந்தப் புரதம் நீக்கப்பட்ட எலிகளுக்குச் செலினியம் குறைந்த தீனி கொடுத்தால் மூளையும் நரம்புகளும் பழுதாகின்றன.

இனி மேல் எல்லை. தேவையான செலினியம் கிடைத்தவுடன் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் நிறைகின்றன, தூது ஆர்.என்.ஏ.க்கள் அழிவிலிருந்து தப்புகின்றன, புரதங்கள் முழு அளவை எட்டுகின்றன. அதற்கு மேல் செலினியம் கொடுத்தால் புரதம் கூடுவதில்லை. ஒரு பட்டறையில் 25 தறிகள் இருந்தால், முற்றத்தில் நூல் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தாலும் துணி 25 தறிகளின் அளவுக்குத்தான் வரும். எலிகளுக்குத் தீனியில் செலினியத்தைப் படிப்படியாகக் கூட்டி, கல்லீரலின் மரபணு வெளிப்பாட்டை முழுமையாக அளந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. செலினோபுரதத் தூது ஆர்.என்.ஏ.க்கள் தேவை நிறைவேறிய இடத்தில் சமதளமாகிவிட்டன. தேவையைப்போல் பல மடங்கு கொடுத்தபோதும் அவை எழவில்லை. நச்சு அளவை நெருங்கியபோது மாறியவை செலினியத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஏராளமான வேறு மரபணுக்கள். அதாவது, லேபிள் பெருமையோடு பேசும் ‘மரபணு வெளிப்பாட்டில் மாற்றம்’ மிகை அளவில் நடக்கத்தான் செய்கிறது. அது நலத்தின் அறிகுறியாக அன்றி, உடல் திணறுவதன் அறிகுறியாக நடக்கிறது.

எலிக்குச் சரி, மனிதருக்கு என்ன என்ற கேள்வி வரும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள மியன்னிங் வட்டாரத்தின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. அங்குள்ளவர்களுக்கு உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 14 மைக்ரோகிராம் மட்டுமே கிடைத்துவந்தது. அவர்களுக்குப் பல்வேறு அளவுகளில் செலினோமெத்தியோனின் கொடுத்து 40 வாரங்கள் கவனித்த ஆய்வு 2010இல் வெளியானது. இரத்தத்தில் உள்ள குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் முழு அளவை எட்ட, உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 35 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. செலினோபுரதம் பி முழு அளவை எட்ட 49 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை, இந்தக் குப்பியை வாங்கலாமா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடை வேறெங்கும் இல்லை. உலகிலேயே செலினியம் குறைந்த ஊர்களில் ஒன்றில் வாழ்பவருக்கும் செலினோபுரதம் பி முழு அளவை எட்ட, உணவின் 14க்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டது 35 மைக்ரோகிராம்; அவர்கள் உடல் எடையில் சிறியவர்கள் என்பதைக் கணக்கில் கொண்டு இன்னும் சற்றுக் கூட்டிக்கொண்டாலும், 200 என்பது வெகு தொலைவில் இருக்கிறது.

ஏற்கெனவே போதிய செலினியம் உள்ளவர்களிடம் நடத்திய சோதனை அமெரிக்காவில் நடந்தது. 81 பேருக்கு 200, 400, 600 மைக்ரோகிராம் என்ற அளவுகளில், செலினைட் என்ற உப்பு, செலினோமெத்தியோனின், செலினியம் ஏற்றிய ஈஸ்ட் ஆகிய வடிவங்களில் 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த அளவிலும், எந்த வடிவத்திலும் செலினோபுரதம் பி உயரவில்லை. குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸும் உயரவில்லை. ஆனால் செலினோமெத்தியோனினும் ஈஸ்ட்டும் எடுத்தவர்களின் இரத்தச் செலினியம் மட்டும் அளவுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போனது. 

இந்தக் கடைசிச் செய்தி குப்பி வாங்குபவர்களுக்கு மிக முக்கியமானது. செலினோமெத்தியோனின் என்பது மெத்தியோனின் என்ற சாதாரண அமினோ அமிலத்தில் கந்தகத்தின் இடத்தில் செலினியம் அமர்ந்த வடிவம். உடலால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆகவே மெத்தியோனின் வர வேண்டிய இடங்களிலெல்லாம், இரத்தத்தின் அல்புமின் உட்பட எந்தப் புரதத்திலும், அது போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் செலினியம் எந்த நொதியிலும் வேலை செய்யவில்லை, வெறுமனே தங்கியிருக்கிறது. அந்தப் புரதம் சிதைந்து, செலினோமெத்தியோனின் உடைபட்ட பிறகே அது செலினோசிஸ்டீன் தயாரிப்புக்குக் கிடைக்கும். ‘எங்கள் வடிவம் நன்றாக உறிஞ்சப்படுகிறது’ என்று லேபிளின் இன்னொரு வரி சொல்வது முற்றிலும் உண்மை; பற்றாக்குறை உள்ளவருக்குக் குறைந்த அளவே போதும் என்ற வகையில் அது செலினைட்டைவிட மேலானதும்கூட. ஆனால் கேப்ஸ்யூல் எடுத்துக்கொண்டு, பிறகு பரிசோதனைக் கூடத்தில் இரத்தச் செலினியம் பார்த்து, எண் ஏறியிருக்கிறது என்று மகிழ்பவர், பெரும்பாலும் அல்புமினில் தேங்கிய சரக்கைத்தான் அளந்து மகிழ்கிறார்.

நானும் சில வாரங்கள் எடுத்துக்கொண்டேன். உணரத்தக்க மாற்றம் ஒன்றுமில்லை. மேற்சொன்ன உயிர்வேதியியலின்படி இருக்கவும் கூடாது. அங்காடியின் பக்கத்தில் மூன்றே நாளில் சோர்வு பறந்துவிட்டது என்று எழுதியிருப்பவர்களின் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கமன்று, ஆனால் அது செலினோபுரதங்களின் செயலாக இருக்க வாய்ப்பில்லை.

இந்தக் குப்பியை நான் வாங்கக் காரணமானவர் என் அண்ணி. அவர் பல ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை எடுத்துவருகிறார். “தம்பி, இது தைராய்டுக்கு நல்லதுன்னு குழுவுல போட்டிருக்காங்க, வாங்கலாமா?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தைராக்ஸினைச் செயல்திறன் மிக்க டி3 வடிவத்துக்கு மாற்றும் டீஅயோடினேஸ் நொதிகள் செலினோபுரதங்கள்தாம். உடலில் ஒரு கிராமுக்கு மிக அதிகமான செலினியத்தை வைத்திருக்கும் உறுப்பும் தைராய்டுதான். ஆனால் உடலின் பங்கீட்டு வரிசையில் தைராய்டும் இந்த நொதிகளும் முன்வரிசையில் இருப்பதால், சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவரிடம் அவை கடைசிவரை பட்டினி கிடப்பதில்லை. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயால் கண் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, நாளுக்கு இருமுறை 100 மைக்ரோகிராம் சோடியம் செலினைட் ஆறு மாதம் கொடுத்ததில் பயன் கிடைத்தது என்று 2011இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அது மருத்துவர் மேற்பார்வையில், குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட காலத்துக்கு நடந்த சிகிச்சை. மறுபக்கம், அயோடினும் செலினியமும் சேர்ந்தே குறைந்திருந்த வடக்கு ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு), அயோடின் கொடுக்காமல் செலினியம் மட்டும் கொடுத்தபோது சிலரின் தைராக்ஸின் அளவு மேலும் வீழ்ந்தது. அண்ணியிடம், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொன்னேன். இது தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குப்பி என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

செலினியம் மாத்திரை உயிரைக் காத்த இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மதிப்புரை நேர்மையாகாது. சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் உள்ள கேஷான் வட்டாரத்தில் 1935இல் பரவிய இதயத் தசை நோய்க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. குழந்தைகளும் பிள்ளைப் பேற்று வயதுப் பெண்களும் அதற்கு அதிகம் இரையானார்கள். நோய் கண்ட நிலப்பகுதிகள் செலினியம் குறைந்த மண்ணோடு ஒத்துப்போவது கண்டறியப்பட்டு, 1974 முதல் மியன்னிங்கில் குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தபோது நோய் பெருமளவு குறைந்தது. பின்னாளில் எலிகளில் நடந்த ஆய்வு இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டியது. காக்ஸாக்கி வைரஸின் தீங்கற்ற வகையைச் செலினியம் குறைந்த எலிக்குள் செலுத்தியபோது, அந்த உடலுக்குள் பெருகுகையில் வைரஸின் மரபுப் பொருளே மாறி, இதயத்தைத் தாக்கும் வகையாக வெளிவந்தது. அதன் பிறகு அது செலினியம் போதுமான எலியையும் தாக்கியது. பற்றாக்குறையின் தீமை ஒருவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பின்லாந்து தன் மண்ணின் குறையை 1980களின் நடுவில் வேறு வழியில் தீர்த்தது. உரத்திலேயே சோடியம் செலினேட்டைச் சேர்த்து, தானியத்தின் வழியாக நாட்டு மக்கள் அனைவரின் செலினியத்தையும் உயர்த்தியது.

குப்பி வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொரு சோதனை செலக்ட் என்ற பெயரில் நடந்தது. அதில் கொடுக்கப்பட்டது இதே வடிவம், இதே அளவு: நாளுக்கு 200 மைக்ரோகிராம் எல்-செலினோமெத்தியோனின். 1996இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், செலினியம் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறைந்ததாகக் காணப்பட்டதால், அதை உறுதிசெய்ய 2001இல் தொடங்கப்பட்டது செலக்ட். 35,533 ஆண்கள் பங்கேற்றார்கள். பயன் எதுவும் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆய்வில் நன்மை கண்டவர்கள் தொடக்கத்தில் இரத்தச் செலினியம் குறைவாக இருந்தவர்கள். செலக்டில் சேர்ந்தவர்களோ ஏற்கெனவே நிறைந்திருந்தவர்கள். 2014இல் வெளியான மறுபகுப்பாய்வில், தொடக்கத்தில் செலினியம் அதிகமாக இருந்தவர்கள் கூடுதலாகவும் எடுத்துக்கொண்டபோது தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோயின் அபாயம் கூடியது தெரிந்தது. முதல் ஆய்வின் பங்கேற்பாளர்களையே நீண்டகாலம் தொடர்ந்து பார்த்ததில், செலினியம் எடுத்தவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு அதிகமாக இருந்ததும் 2007இல் வெளியாயிற்று. டென்மார்க்கில் நாளுக்கு 300 மைக்ரோகிராம் வீதம் ஐந்தாண்டு எடுத்தவர்களிடம், மாத்திரையை நிறுத்திய பல ஆண்டுகளுக்குப் பின்னும் இறப்பு விகிதம் கூடுதலாகக் காணப்பட்டது. வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாங்கும் பொருளாக இது எனக்குத் தோன்றவில்லை.

லேபிளின் பின்பக்கத்தில் நாள்தேவையில் 364 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது. அது அமெரிக்க அளவான 55 மைக்ரோகிராமை வைத்துப் போட்ட கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் 40 மைக்ரோகிராமை வைத்துப் போட்டால் 500 சதவீதமாகிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான மேல் வரம்பை நாளுக்கு 255 மைக்ரோகிராம் எனக் குறைத்தது. அதற்கு அடிப்படையானது செலக்ட் பங்கேற்பாளர்களிடம் கண்ட முடி உதிர்தல். உணவிலிருந்து 55 மைக்ரோகிராம் பெறும் ஒருவர் இந்தக் கேப்ஸ்யூல் ஒன்றை விழுங்கினால் அந்த வரம்பில் துல்லியமாகப் போய் நிற்கிறார். அத்துடன் அவர் பல சத்துகள் கலந்த மாத்திரையும் எடுத்துக்கொண்டால், அதிலும் செலினியம் இருக்கும்.

முடி உதிர்வதற்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு என்பதுதான் வேடிக்கை. செலினியம் மிகுந்தால் முதலில் தெரியும் அறிகுறிகள் முடி உதிர்தலும், நகம் உடைந்து பிளவுபடுதலும், மூச்சில் பூண்டு வாடையும்தான். சீனாவின் என்ஷி வட்டாரத்தில் 1960களின் தொடக்கத்தில் ஊர் ஊராக மக்கள் முடியும் நகமும் இழந்தது, செலினியம் மிகுந்த நிலக்கரியிலிருந்து மண்ணுக்கும் பயிருக்கும் அது வந்து சேர்ந்ததால். கலவைப் பிழை பற்றிப் பின்னர் சொல்வதாகக் குறிப்பிட்டேன் அல்லவா? 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில், லேபிளில் எழுதியதைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். எனவே இவ்வகைப் பொருளை வாங்குவதானால், தொகுதி எண்ணும் வெளியார் சோதனைச் சான்றும் இல்லாத குப்பியைத் தொட வேண்டாம். நான் வாங்கிய குப்பியில் தொகுதி எண் இருந்தது; வெளியார் சான்று இல்லை.

கேப்ஸ்யூலுக்கு மாற்றாக விற்கப்படும் பிரேசில் கொட்டையையும் வாங்கிப் பார்த்தேன். சுவை நன்று, தேங்காயும் முந்திரியும் கலந்ததுபோன்ற கொழுப்பான கடி. நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு இரண்டு கொட்டை சாப்பிட்டவர்களின் நிலை 100 மைக்ரோகிராம் செலினோமெத்தியோனின் எடுத்தவர்களுக்கு இணையாக உயர்ந்தது. ஆனால் கொட்டைக்குக் கொட்டை, மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் அளவு பெரிதும் மாறும்; ஒரு கைப்பிடியில் 500 மைக்ரோகிராமைத் தாண்டிவிடவும் கூடும். பாதாம் போல எண்ணி நாள்தோறும் ஒரு கைப்பிடி கொறிப்பவருக்கு அது கேப்ஸ்யூலைவிட அபாயம்.

சாதாரண உணவு இந்த விஷயத்தில் அடக்கமாகவும் நம்பகமாகவும் நடந்துகொள்கிறது. டப்பாவில் வரும் மத்தி மீன் 85 கிராமில் சுமார் 45 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 15. மீனும் முட்டையும் தொடாதவர்களுக்குத் தானியமும் பருப்பும்தான் வழி, அவற்றில் உள்ளது விளைந்த மண்ணைப் பொறுத்தது. பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பகுதிகளின் சில ஊர்களில் கோதுமையிலேயே செலினியம் நச்சு அளவுக்கு ஏறியிருக்கிறது. அங்கே வாழ்பவருக்கு இந்தக் கேப்ஸ்யூல் நஞ்சோடு நஞ்சு சேர்ப்பது. குடல் நோயால் உணவு சரியாக உறிஞ்சப்படாதவர்கள், நீண்டகாலம் இரத்தக்குழாய் வழி உணவில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்குச் செலினியம் உண்மையிலேயே குறையக்கூடும். அவர்களுக்கு அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

உறை, முத்திரை, தெளிவான அச்சு, உறிஞ்சப்படும் வடிவம் ஆகியவற்றுக்காக இரண்டு நட்சத்திரம் தருகிறேன். மீதி மூன்றையும் அளவுக்காகவும் முன்பக்க வாசகத்துக்காகவும் பிடித்துவைத்திருக்கிறேன். இதே நிறுவனம் இதே வடிவத்தில் 50 மைக்ரோகிராம் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, வெளியார் சோதனைச் சான்றை இணைத்து, ‘உங்கள் உணவில் ஏற்கெனவே போதிய செலினியம் இருந்தால் இது உங்கள் செலினோபுரதங்களைக் கூட்டாது’ என்ற ஒரு வரியையும் முன்பக்கத்திலேயே அச்சிட்டால், அதற்கு நான்கு தரலாம்.